பார்மிஜானோ தோலும் பழைய ரொட்டியும்

இத்தாலியில், பொலோன்யா நகரத்தில் குடிபுகுந்த இரண்டாவது வாரம் நான் ஒரு குற்றம் செய்தேன். வீட்டுக்கார அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கலாமே என்று ஃப்ரீஸரைத் துடைத்துச் சுத்தம் பண்ண ஆரம்பித்தேன். அடித்தட்டில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. திறந்தால், விரல் நீளத்தில் மஞ்சளேறிக் காய்ந்த துண்டுகள். மாட்டுக்கு லாடம் கட்டும்போது குளம்பைச் சீவிப் போடுவார்களே, அந்தச் சீவல் மாதிரி இருந்தன. மோந்து பார்த்தேன், சீஸ் வாசம். தின்று மிஞ்சிய தோலை யாரோ தூக்கிப் போட மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, மொத்தத்தையும் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

சின்யோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, வந்ததும் முதலில் பார்த்தது அந்தக் கவிழ்த்த டப்பாவைத்தான்.

"தோலெல்லாம் எங்கே?"

சொன்னேன். கையிலிருந்த பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மூணு மாசத்துத் தோல்" என்றார். அவ்வளவுதான். அன்று இரவுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அங்கே படிக்கப் போனவன். சான் விதாலே வாசலுக்கு வெளியே, மூன்றாவது மாடியில், எண்பதைத் தாண்டிய இந்த அம்மாவின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. வாடகை குறைவு. மாடிப்படியில் பைகளைத் தூக்கி வர வேண்டும், பல்பு மாற்ற வேண்டும், ஞாயிறு மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் எழுதாத நிபந்தனைகள். நான் அவரை சின்யோரா என்பேன். அவர் என்னை 'சின்னோ' என்பார். பொலோன்யாக்காரர்கள் பொடியனுக்குச் சொல்லும் வார்த்தை அது. முதல் எழுத்தை 'ச்சி' என்று அழுத்த வேண்டும். எங்கள் ஊரிலும் 'சின்னவனே' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

மறுநாள் காலை காப்பியை நீட்டிவிட்டு, எனக்குப் பாடம் எடுத்தார். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இந்த சீஸ் ஒரு சக்கரம் ஏறத்தாழ 40 கிலோ. அதற்கு 550 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் பலகையில் கிடக்கும். நல்லது என்றால் 24, 36 மாதம்கூட. வேறு சில சீஸ்களுக்குப் பூசுவதுபோல இதற்கு மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசுவதில்லை. தோல் என்பது அதே பால்தான், காற்றுபட்டு இறுகிப்போனது. மேலே புள்ளி புள்ளியாகப் பெயர் குத்தியிருக்கும் பக்கத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டிக் கழுவி, பீன்ஸ் சூப் கொதிக்கும்போது உள்ளே விட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் சாறு கனத்துவிடும். தோல் இளகி ரப்பர் மாதிரி ஆகும். அதை எடுத்துச் சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கித் திரும்ப சூப்பிலேயே போட்டுவிடுவார். கிண்ணத்துக்கு நாலு துண்டு வந்தால் அதிர்ஷ்டம். வாயில் போட்டால் பல்லோடு இழுக்கும், உப்பும் பால்வாசமுமாக மெதுவாகக் கரையும். அந்த நாலு துண்டுக்காகவே சூப் குடிக்கலாம்.

அதற்கப்புறம் நான் எங்கே சீஸ் தின்றாலும் தோலைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பேன். கடன் அடைக்கிற மாதிரி. டப்பா நிரம்ப நாலு மாதம் ஆயிற்று.

ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் பலகைச் சத்தம் கேட்கும். மாவு பிசைகிற மரப்பலகை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையளவு இருந்தது. நகராமலிருக்க முன் ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு சட்டம், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். மைதா மாதிரி மெல்லிய மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டைகளை உடைத்து ஊற்றுவார். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் கிடையாது, உப்பு கிடையாது. கால்மணி நேரம் உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்து, கிண்ணத்தைக் கவிழ்த்து அரைமணி மூடிவைப்பார். அடுத்து கட்டை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சப்பாத்திக் கட்டை பிடித்த கை எனக்கு என்று பெருமையாகப் போய் நின்றேன். ஆனால் இங்கே தேய்ப்பு வேறு வகை. மாவைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, உருட்டும்போதே இரண்டு உள்ளங்கைகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வழுக்கவிட வேண்டும். அந்த இழுவையில்தான் மாவு அகலும். என்னுடையது ஓரம் தடித்து நடுவில் கிழிந்தது. ஊத்தப்பத்தைத் தலைகீழாக யோசித்துச் செய்தாற்போல ஒரு வடிவம்.

தேய்த்து முடித்த மாவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், அதன் வழியாக சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. சான் லூக்கா ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் மாதா கோயில். 666 வளைவுகள் கொண்ட மண்டபப் பாதை நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அதன் வாசல்வரை ஏறிப் போகும். சின்யோராவின் ஜன்னலில் எதிர் அடுக்குமாடியின் துணிக்கொடிதான் தெரியும். "அந்தச் சிவப்புத் துண்டு தெரியுதா? போதும்" என்பார்.

மாவைச் சுருட்டி, கத்தியால் நாடா நாடாக வெட்டினால் தல்யத்தெல்லே. எந்த அகலம் என்பதற்கு அங்கே பத்திரமே இருக்கிறது. 1972-இல் பொலோன்யா வணிகச் சபையில் அளவைப் பதிவு செய்திருக்கிறார்கள்: வெந்தபின் 8 மில்லிமீட்டர். ஊர் நடுவிலுள்ள அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்று கணக்கு. அந்த அளவில் தங்கத்தில் ஒரு நாடா செய்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1974-இல் தொர்தெல்லினி என்ற பூரணம் வைத்து மடித்த குட்டிப் பாஸ்தாவின் பூரணத்தைப் பதிவு செய்தார்கள், 1982-இல் ராகூ என்ற கறிக்குழம்பை. அந்த ராகூவை 2023-இல் திருத்தி மறுபடி பதிவு செய்தார்கள். 60 வருஷத்துக்கு மேலாக அந்த ஊரில் இருந்தும் சின்யோரா தங்க நாடாவைப் போய்ப் பார்த்ததில்லை. "பார்த்துட்டு வந்து என்ன பண்றது?" என்றார். அவருக்கு அளவு என்றால் கட்டைவிரல் நகம்.

அவருக்கு முக்கியமாகப் பட்டது ஓரங்கள்தான். வட்ட மாவை நாடாவாக வெட்டினால் நாலு பக்கமும் கோணல்மாணலாக மிஞ்சும். அதற்கும் பெயர் உண்டு: மல்தல்யாத்தி, 'மோசமாக வெட்டியது'. ஒரு துணியில் பரப்பி உலர்த்தி வைத்துவிடுவார். வியாழக்கிழமை பீன்ஸ் சூப்பில் அது போகும். இப்போது உணவகங்களில் மல்தல்யாத்தி என்று தனியாக மெனுவில் போட்டு விற்கிறார்கள், அதற்கென்றே நல்ல மாவை மோசமாக வெட்டுகிறார்கள் என்று சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

ராகூ பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். (தமிழில் எழுதினால் கிரகம் ஆகிவிடுகிறது, என்ன செய்ய. நமக்கு ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரைக்கு. அந்த வீட்டில் காலை எட்டுக்கே ஆரம்பம்.) வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி, பன்றியின் வயிற்றுக் கொழுப்புக் கறியோடு வதக்கி, கொத்திய மாட்டிறைச்சி, வைன், கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் சாறு, மூன்று மணி நேரம் சிறு தீ. கடைசியில் பால். பூண்டு போட்டால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். உலகம் முழுக்க 'ஸ்பகெட்டி போலோனீஸ்' என்று சாப்பிடுகிறார்களே, அது அந்த ஊர் வீடுகளில் கிடையாது. ஸ்பகெட்டி வழுவழுப்பானது, இந்தக் குழம்பு அதில் ஒட்டாது. கையால் தேய்த்த முட்டை மாவின் சொரசொரப்பில்தான் ஒட்டும். எவ்வளவு உப்பு, எவ்வளவு பால் என்று நோட்டுப்புத்தகத்தோடு நின்ற என்னிடம் அவர் சொன்னது இரண்டே எழுத்து: 'கூ, பி'. இத்தாலியச் சமையல் குறிப்புகளில் எல்லாம் அச்சாகும் சுருக்கம், 'க்வாந்தோ பாஸ்தா' (quanto basta). இந்த பாஸ்தா தின்கிற பாஸ்தா இல்லை; 'போதுமான அளவு' என்று அர்த்தம். நம் பத்திரிகைகளில் 'உப்பு – தேவையான அளவு' என்று வருமே, அதேதான். அதே அளவுக்கு உதவாதது.

ஒருநாள் ஆர்வக்கோளாறில் கேட்டேன். "உங்க அம்மா வைக்கிற ராகூ இதைவிட நல்லா இருக்குமா?"

"எங்க அம்மா ராகூ வச்சது வருஷத்துக்கு ரெண்டு தரம். கிறிஸ்துமஸுக்கு தொர்தெல்லினி. மத்த நாள்ல செஸ்ட்நட்."

அவர் பொலோன்யாவில் பிறந்தவர் அல்ல. தெற்கே அப்பெனைன் மலையில் ஒரு சிற்றூர். 1936-இல் பிறந்தவர். அந்த மலைக்காரர்கள் செஸ்ட்நட் மரத்தை 'ரொட்டி மரம்' என்பார்கள். கோதுமை சரியாக விளையாத சரிவு. செஸ்ட்நட் தானாகக் காய்க்கும். இலையுதிர் காலத்தில் பொறுக்கி, காட்டிலேயே கட்டிய கல்குடிசையில் பரண்மேல் பரப்பி, கீழே ஒரு மாதத்துக்கு மேல் அணையாமல் புகைபோட்டு உலர்த்தி, தோலுரித்து மாவாக்குவார்கள். லேசாக இனிக்கும் மாவு. அதில் களி, அதில் அடை, அதில் கஞ்சி. குளிர்காலம் முழுக்க அதுதான். 1944 இலையுதிர்காலத்தில் போர்முனை சரியாக அந்த மலைகளில் வந்து தேங்கியது. அடுத்த வசந்தம்வரை நகரவில்லை. எட்டு வயதுச் சிறுமியாக அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார் என்று அவர் சொன்னதில்லை. செஸ்ட்நட் மாவு வாசம் மட்டும் அவருக்கு ஆகாது. நவம்பரில் தெருவோரம் செஸ்ட்நட் சுட்டு விற்பார்கள், எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாங்கினால் வெளியிலேயே தின்றுவிட்டு வர வேண்டும்.

பொலேந்தா பற்றிச் சொன்னபோதுதான் எனக்கு அந்த நாடு கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. மக்காச்சோள ரவையைச் செப்புக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, நீளமான கட்டையால் முக்கால்மணி நேரம் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். பலகையில் கவிழ்த்து நூலால் அறுப்பார்கள். தருமபுரிக்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? ராகிக்களிதான், நிறம் மட்டும் மஞ்சள். இன்று மிலானில் அதைக் காளான் குழம்போடு வெள்ளைத் தட்டில் வைக்கிறார்கள். ஆனால் வடஇத்தாலியின் ஏழைக் குடியானவர்களுக்கு 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அது காலையும் மாலையும் ஒரே சோறு. கூரையிலிருந்து ஒரே ஒரு உப்புமீனைக் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு தடவை களித்துண்டை அதில் தேய்த்துச் சாப்பிடுவார்கள் என்று வெனெத்தோ பக்கம் சொல்வார்கள். நம்மூரில் கருவாட்டை வைத்துச் சொல்லும் கதையை எனக்கு யாரோ திருப்பிச் சொல்வதுபோல இருந்தது.

அந்த ஒரே சோறு ஆட்களைக் கொன்றது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும் நோய். 1771-இல் மிலானில் ஒரு மருத்துவர் அதற்கு 'பெல்லாக்ரா', கரடுமுரடான தோல், என்று உள்ளூர்ப் பெயரையே எழுதிவைத்தார். காரணம் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் சத்து அப்படியே சாப்பிட்டால் உடம்பில் சேராது. மெக்சிகோவின் பழங்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பார்கள். அந்தச் சத்து அப்போது விடுபடும். ஐரோப்பாவுக்கு விதை வந்தது, பக்குவம் வரவில்லை. சமையல் பக்குவம் என்பதை 'பாட்டி வைத்தியம்' என்று கேலி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

ஆக, 'பாட்டிமார் காலத்து இத்தாலியச் சாப்பாடு' என்று நாம் கண்ணை மூடி ரசிப்பதில் பெரும்பகுதி பாட்டிமாரின் விருந்துச் சாப்பாடு. தினப்படிக்கு வந்தது போருக்குப் பின்னால், 1950-களின் கடைசியில் தொழிற்சாலைகள் பெருகி, மலையிலிருந்து ஜனங்கள் நகரத்துக்கு இறங்கியபோது. சின்யோராவும் அப்படி இறங்கியவர்தான். ஒரு தையல் பட்டறையில் வேலை, முதல் சம்பளத்தில் அரைக்கிலோ கறி. ராகூவை அவர் கற்றுக்கொண்டது பட்டறையில் பக்கத்து மெஷின்காரியிடம்.

எழுதிவைத்த மரபும் நாம் நினைக்கிறபடி இல்லை. 1891-இல் பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்ற ரொமான்யாக்காரர், ஓய்வுபெற்ற வியாபாரி, ஃபுளோரன்ஸில் தன் சொந்தக் காசைப் போட்டு ஒரு சமையல் புத்தகம் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். வாசகிகள் எழுதி அனுப்ப அனுப்ப 790 ஆயிற்று. இன்றும் இத்தாலிய வீடுகளில் இருக்கும் புத்தகம். அதிலுள்ள பொலோன்யா முறைக் குழம்பில் தக்காளியே கிடையாது. ரோமாபுரியின் தொன்மை என்று சிலர் சத்தியம் பண்ணும் கார்பொனாராவோ (முட்டையும் பன்றிக்கறியும் சேர்த்த பாஸ்தா) இரண்டாம் உலகப்போருக்கு முன் எழுத்தில் எங்கும் இல்லை; 1954-இல் ஓர் இத்தாலியப் பத்திரிகையில் வந்த குறிப்பில் பூண்டும் ஸ்விஸ் க்ரூயேர் சீஸும் இருந்தன. இதை ரோம் நண்பன் ஒருவனிடம் சொல்லி ஒரு மாத நட்பை இழந்தேன்.

சரி, பழைய ரொட்டிக்கு வருகிறேன்.

சின்யோரா வீட்டில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. தெரியாமல் வைத்துவிட்டால், பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி நிமிர்த்திவிடுவார். காய்ந்த ரொட்டி ஜன்னலோரத் துணிப்பையில் சேரும். இத்தாலி முழுக்க இந்தப் பைக்குத் தனித்தனி பதில் உண்டு. டஸ்கனியில் உப்பில்லாத ரொட்டி. அதைக் கறுப்புக் கோஸும் பீன்ஸும் போட்ட சூப்பில் ஊறவைத்து மறுநாள் மறுபடி கொதிக்கவைப்பார்கள், பெயரே 'மறுபடி கொதித்தது', ரிபொல்லீத்தா. வெயில் காலத்தில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயத்தோடு பிசறுவார்கள். எமிலியா-ரொமான்யாவில் பஸ்ஸத்தெல்லி.

அதைச் செய்யும் நாளில் துருவியை நான் பிடிப்பேன். காய்ந்த ரொட்டித்தூள் 100 கிராம், துருவிய பார்மிஜானோ 100, முட்டை மூன்று, ஜாதிக்காய் இரண்டு தேய்ப்பு, எலுமிச்சைத் தோல் துளி. பிசைந்து மூடிவைத்து, கொதிக்கும் கோழிச்சாற்றுக்கு மேலே நேராகப் பிழிய வேண்டும். பழைய காலத்தில் ஓட்டை போட்ட இரும்புத் தட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து மாவின்மேல் அழுத்துவார்கள். இப்போது வீடுகளில் உருளைக்கிழங்கு மசிக்கும் அழுத்தி. சின்யோராவுக்கு மணிக்கட்டில் வலி. பிழியும்போது முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது, தர்மபுரி பாத்திரக்கடையில் திருகு வைத்த பித்தளை முறுக்கு நாழி ஒன்று வாங்கிப் போனேன். பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாஸ்தா" என்றேன். இத்தாலியில் அந்தச் சொல்லுக்குப் பிறகு கேள்வி கிடையாது.

ஓமப்பொடி அச்சு சரிப்படவில்லை, இழை சாற்றில் கரைந்தது. தேன்குழல் அச்சில் கச்சிதமாக வந்தது. சின்யோரா திருகைச் சுற்ற, மஞ்சள் குழல்கள் வளைந்து இறங்க, ஒரு ஜாண் நீளத்தில் கத்தியால் நான் அறுத்துவிட்டேன். மேலே மிதந்ததும் எடுத்துவிட வேண்டும். அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாழியைப் பார்த்தார். "இதுல உங்க ஊர்ல என்ன பிழிவீங்க?" அரிசிமாவும் உளுந்தும் என்றேன், எண்ணெயில் பொரிப்போம், பண்டிகைக்கு. "எல்லாம் பண்டிகைக்குத்தான்" என்றார்.

தெற்கு வேறு உலகம், அதை எழுத இன்னொரு பதிவு வேண்டும். அங்கே முட்டைக்குப் பதில் கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய். ஆகஸ்டில் சலேர்னோ பக்கம் ஒரு நண்பன் வீட்டில் தக்காளி போடும் நாளில் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டார்கள். கூடை கூடையாக நீளத் தக்காளி. கழுவ ஒருத்தர், வேகவைக்க ஒருத்தர், தோலும் விதையும் பிரிக்கும் மெஷினைச் சுற்ற நான். பீர் பாட்டில்களில் ஒவ்வொன்றிலும் ஒரு திருநீற்றுப்பச்சிலை இலை, மேலே சாறு, மூடி. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி உடையாமல் பழைய சட்டைத் துணி சுற்றி, எண்ணெய் டிரம்மில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி விறகில் கொதிக்கவிட்டார்கள். இரவு முழுக்க அப்படியே ஆற வேண்டும். டிரம்மைத் திறந்தபோது என் பங்கில் இரண்டு பாட்டில் உடைந்திருந்தன. நண்பனின் அம்மா என்னைப் பார்க்காமல் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்துச் சொன்னார், அவ்வளவு பெருந்தன்மை. மறுநாள் ஞாயிறு. நேப்பிள்ஸ் முறை ராகூ: கறியைக் கொத்தாமல் பெரிய துண்டுகளாக, அந்தத் தக்காளியில், காலையிலிருந்து. அடுப்பில் அது கொதிக்கக் கூடாது. அரை நிமிடத்துக்கு ஒரு குமிழி எழுந்து 'பிப்' என்று உடைய வேண்டும். அதற்கு 'பிப்பியாரே' என்றே வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். குழம்பு நீளக் குழாய்ப் பாஸ்தாவுக்கு, கறி அடுத்த பரிமாறலுக்கு. அந்தப் பாஸ்தாவைக் கையால் உடைத்தால் மேஜையெல்லாம் பொடி சிதறும். அதையும் வழித்துச் சட்டியில் போட்டார்கள்.

சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு ஒரு டிசம்பரில் போனேன். அங்கே ஈழத்தமிழர் நிறைய. பல்லாரோ சந்தையைச் சுற்றி அவர்கள் கடைகள், மலைமேலுள்ள சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்குச் சைவக் குடும்பங்களும் நடந்து ஏறுகின்றன. சிசிலியக் கிழவி ஒருவருக்கு வீட்டில் துணையாக இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டார். மத்தி மீனும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் போட்ட பாஸ்தா. மேலே சீஸ் துருவவில்லை. எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த ரொட்டித்தூளைத் தூவினார்.

"இது ஏழையளின்ர சீஸ் தம்பி. இந்த வீட்டு அம்மம்மா சொல்லுவா, காசிருக்கிறவை பெக்கோரினோ போடுவினம், இல்லாதவை இதைப் போடுவினம் எண்டு. இப்ப காசிருக்கிறவையும் இதைத்தான் போடினம்."

நான் போயிருந்த நாள் 13, சாந்தா லூச்சியா திருநாள். அன்றைக்கு பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் கூடாது. 1646 பஞ்சத்தில் ஒரு தானியக் கப்பல் வந்ததாம். அரைக்கக்கூடப் பொறுமையில்லாமல் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றார்களாம். அதன் நினைவாக முழுக் கோதுமையை ஊறவைத்து அவித்து, ரிகோத்தா என்ற மென்மையான சீஸும் சர்க்கரையும் சேர்த்த 'குச்சீயா'. அக்கா ஒரு கிண்ணம் நீட்டினார். பாஸ்தாவை முந்தின நாளே வைத்து எனக்காக எடுத்து வைத்திருந்ததாகவும், கிழவிக்குச் சொல்ல வேண்டாம் என்றும் மெதுவாகச் சொன்னார்.

நான் ஊர் திரும்பி வருஷங்கள் ஆகிவிட்டன. 2025 டிசம்பர் 10-ஆம் தேதி, டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் இத்தாலியச் சமையலை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே நாள் அதே கூட்டத்தில் தீபாவளியையும் சேர்த்தார்கள். சின்யோராவுக்கு வீடியோ கால் போட்டேன். 89 வயது. பேத்தி போனைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தை அவர் ஏற்கெனவே டிவியில் பார்த்திருந்தார், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார்.

எங்கள் ஆயா காலத்தில் இட்லி என்றேன். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்து, மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைப்பது. வருஷம் முழுக்க ராகிக்களிதான்; இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும். ஆயாவின் பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்காக விடியுமுன் எழுந்து அடுப்படியில் உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது தினமும் இட்லி, பிள்ளைகள் வேண்டாம் என்று ஓடுகிறார்கள்.

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். பேத்தி போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைத் தட்டினாள்.

"மிஞ்சினா என்ன பண்ணுவீங்க, சின்னோ?"

"உதிர்த்து, கடுகு தாளிச்சு, உப்புமா."

"எக்கோ" என்றார். அதுதானே, என்று அர்த்தம். பிறகு போனைப் பேத்தியிடம் தள்ளிவிட்டு எழுந்து போனார். பின்னால் சட்டி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.